முத்து பெயரில் கடலுக்குப் போனவன்

வெளியுறவுக் கொள்கை என்றதும் உங்களுக்கு டெல்லியில் கோட்டுப் போட்டவர்கள் கை குலுக்குவது ஞாபகத்துக்கு வரலாம். எனக்கு ஞாபகம் வருவது கடலூர் துறைமுகத்தில் எங்கள் ஆபீஸ் மூலையில் கிடந்த ஃபேக்ஸ் மெஷின்தான். அது 'கீ' என்று கத்த ஆரம்பித்தால் போதும், நாற்காலியை விட்டு எழுந்துவிடுவேன். கொழும்பில் யாரோ யாருக்கோ கேட்ட கேள்வி டெல்லி, சென்னை, கலெக்டர் ஆபீஸ் எல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில் என் மேஜைக்குத்தான் வரும்.

போன மாதம் ஒரு சான்றிதழ் விஷயமாக அந்த ஆபீசுக்குப் போயிருந்தேன். இப்போது இருக்கிற பிள்ளைகள் மீனவர்களின் அட்டையைக் கருவியில் காட்டச் சொல்கிறார்கள். 'டிங்' என்கிறது. ஆளின் முகம், ஊர், அப்பா பெயர் எல்லாம் திரையில் வந்து நிற்கிறது. "ஒங்க காலத்துல இதெல்லாம் இல்லாம எப்படி சார் சமாளிச்சீங்க?" என்று ஒரு பெண் கேட்டாள். "எங்க சமாளிச்சேன்மா? வசமா மாட்டிக்கிட்டேன்" என்றேன். அவ்வளவுதான், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். அன்றைக்குச் சொன்னதைத்தான் எழுதுகிறேன். சொல்லும்போதே எனக்குப் படபடப்பு வந்துவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மீன்வளத் துறையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கொடுத்த பயிற்சியில் வலைக்கண்ணின் அளவு, மீனின் வயது, எஞ்சினின் குதிரைத்திறன் எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். பக்கத்து நாட்டில் வருஷக்கணக்காகச் சண்டை நடந்தால் படகுக்கு டோக்கன் போடுகிறவன் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. நாலைந்து ஊர் சுற்றிவிட்டு 2004இல் கடலூருக்கு மாற்றலாகி வந்தேன். வந்த வருஷமே டிசம்பரில் சுனாமி. அதன் பிறகு 2012இல் ஓய்வு பெறும் வரை அதே துறைமுகம்தான்.

டோக்கன் என்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. கடலுக்குப் போகும் ஒவ்வொரு விசைப்படகுக்கும் ஒரு சீட்டு. படகு நம்பர், ஓட்டுநர் பெயர், கூடப் போகிற ஆட்களின் பெயர், எவ்வளவு டீசல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்போம். அந்தப் பக்கம் போர்நிறுத்தம் முறிந்து சண்டை மறுபடி மூண்டதும் அந்தச் சீட்டுக்கு வந்த மவுசைப் பார்க்க வேண்டுமே! போலீசுக்கு ஒரு நகல், கடலோரக் காவலுக்கு ஒரு நகல், கலெக்டருக்கு ஒரு நகல். பேட்டரி ஜாஸ்தி இருக்கிறதா, டீசல் ஜாஸ்தி இருக்கிறதா, வெடிகுண்டுக்குள் வைக்கிற பால்ரஸ் குண்டு மூட்டை ஏதும் இருக்கிறதா என்று படகு படகாகக் குனிந்து பார்த்தோம். நம் படகில் சாமான் அங்கே போகிறதோ என்று இந்தப் பக்கம் பயம். நம் படகில் ஆள் வருகிறானோ என்று அந்தப் பக்கம் பயம். இரண்டு பயத்துக்கும் நடுவில் வலையோடு நின்றவன் நம்ம ஊர்க்காரன்.

கோடியக்கரைப் பக்கம் சீசனுக்குப் போன படகு எல்லை தாண்டினால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். இங்கே ஊர் கொதிக்கும். சென்னை டெல்லிக்கு எழுதும். டெல்லியால் அந்த அரசாங்கத்தைப் பகைத்துக்கொள்ளவும் முடியாது, நம் ஆட்களைக் கைவிடவும் முடியாது. அதனால் பேச்சு நடக்கும், நல்லெண்ணம் என்ற பெயரில் பத்திருபது நாளில் விடுவிப்பார்கள். இத்தனைக்கும் அடிப்படை என் சீட்டில் இருக்கும் பெயர்ப் பட்டியல்தான். அதில் இருப்பவன் இந்தியன், மீனவன். அதில் இல்லாதவன் யார் என்று கேட்டால் பதில் இல்லை.

சீட்டுப் போடும் முறை என்னவென்றால், ஆட்களை மேல்தட்டில் வரிசையாக நிற்க வைத்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, முகத்தைப் பார்த்து, டிக் போட வேண்டும். நான் என்ன செய்தேன்? விடியும்போது நாற்பது படகு வரிசையில் நிற்கும். ஓட்டுநர் கீழேயிருந்து, "போன தடவை லிஸ்டேதான் சார், மாத்தம் இல்ல!" என்று கத்துவார். நானும் போன தடவைச் சீட்டைப் பார்த்து அப்படியே எழுதிக் கொடுத்துவிடுவேன். சத்தியமாகச் சொல்கிறேன், சோம்பேறித்தனம் என்று அப்போது தோன்றவே இல்லை. மீனவர்களுக்கு உதவி செய்கிறோம் என்றுதான் நினைத்தேன்.

எங்கள் கடற்கரைக் குப்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் பிள்ளை பிறந்தால் தீட்டுக் கழிகிற வரை அப்பன்காரன் படகில் ஏற மாட்டான். ஆனால் படகில் அவன் இடம் காலியாக இருக்கக் கூடாது, பங்கும் போகக் கூடாது. அதனால் மச்சானையோ தம்பியையோ அனுப்புவான். போகிறவன் அந்த நடை முழுக்க அவன் பெயரிலேயே போவான். கடலில் யார் மறித்துக் கேட்டாலும் சீட்டில் இருக்கும் பெயரைத்தான் சொல்வான். படகில் உள்ள மற்றவர்களும் அதையே சொல்வார்கள். யாரையும் ஏமாற்ற அல்ல, சீட்டும் ஆளும் ஒத்துப்போக வேண்டுமே என்ற மரியாதை! எனக்கு இது அரைகுறையாகத் தெரியும். தெரிந்தும் கண்டுகொள்ளவில்லை.

ஒரு மார்கழி மாதம். ஆறு பேரோடு போன ஒரு படகு கோடியக்கரைக்குக் கிழக்கே எஞ்சின் நின்று, நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய் அந்தப் பக்கம் பிடிபட்டது. சோனாங்குப்பத்திலிருந்து வீட்டுப் பெண்கள் மனுவோடு வந்தார்கள். அதில் வளர்மதி என்கிற பெண், "எங்க அண்ணன் முத்து சார், எப்படியாவது கொண்டாந்துடுங்க" என்று என் மேஜையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பட்டியலில் ஆறாவது பெயர் முத்து. நான் சமாதானம் சொல்லி அனுப்பிவைத்தேன். இரண்டு வாரத்தில் விடுதலை உத்தரவும் வந்தது. ஐந்து பேருக்கு மட்டும்!

அன்று காலை பத்து மணி. எங்கள் உதவி இயக்குநர் கஸ்தூரி மேடம் கூப்பிட்டனுப்பினார். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். திட்டக்குடிக்காரர், முந்திரியும் கரும்பும் பார்த்து வளர்ந்தவர், இந்த வேலைக்கு வரும்வரை கடலைச் சரியாகப் பார்த்ததே இல்லையாம். குரலை உயர்த்தியே கேட்டதில்லை. எந்தக் காகிதத்தையும் பென்சில் முனையை வரிவரியாக நகர்த்தித்தான் படிப்பார். நாம் என்ன சொன்னாலும் தலையை நிமிர்த்தி ஒரே கேள்விதான் கேட்பார்: "எதுல இருக்கு?" அந்தக் கேள்விக்குப் பயந்து இரண்டு பேர் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேடம் ஃபேக்ஸை என் பக்கம் திருப்பினார். ஆறாவது ஆள் முதலில் முத்து என்றிருக்கிறான். கூட இருந்தவர்களும் முத்து என்றிருக்கிறார்கள். தனியாக வைத்துக் கேட்டபோது பயந்துபோய்ச் செபஸ்தியான் என்று சொல்லியிருக்கிறான். போதாதா! அந்த நேரத்தில், அந்த ஊரில், ஒருவனுக்கு இரண்டு பெயர் இருந்தால் ஒன்று வீட்டில் வைத்தது, இன்னொன்று இயக்கத்தில் வைத்தது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். போதாக்குறைக்கு அந்தக் கரையில் செபஸ்தியான் என்ற பெயர் தெருவுக்கு நாலு இருக்கும். இவன் உங்கள் ஆள்தானா என்று டெல்லி வழியாகக் கேட்டிருந்தார்கள். மாலை ஆறு மணிக்குள் ஆதாரத்தோடு பதில் போக வேண்டும். போகவில்லை என்றால் மீனவன் என்ற கணக்கிலிருந்து எடுத்து, பயங்கரவாத வழக்கு பார்க்கிறவர்களிடம் கொடுத்துவிடுவார்கள். அங்கே போனவன் எப்போது வெளியே வருவான் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

வண்டியை எடுத்துக்கொண்டு சோனாங்குப்பத்துக்குப் பறந்தேன். முத்து வீட்டுக் கதவைத் தட்டினால், திறந்தது யார் என்கிறீர்கள்? முத்து! தோளில் பச்சைப் பிள்ளையைப் போட்டுக்கொண்டு நிற்கிறான்.

"யோவ், நீ இன்னாய்யா இங்க நிக்கிற? நீ அங்க ஜெயில்ல இருக்கணுமேய்யா!"

"சார்... சத்தம் போடாதீங்க சார், புள்ள தூங்குது."

"புள்ளைய விடுய்யா! அங்க யாரு?"

"எங்க மச்சான் சார், செபஸ்தி. வளர்மதி ஊட்டுக்காரரு. என் பொண்டாட்டிக்குப் பிரசவம் ஆச்சுன்னு எனக்குப் பதிலா அவரு போனாரு. சொன்னா படகு லைசன்ஸ் போயிடும்னு ஓனர் வாயத் தொறக்காதன்னுட்டாரு."

பின்னாலிருந்து வளர்மதி வந்தாள். புருஷனுக்காக அழ வேண்டியவள் இரண்டு வாரமாக அண்ணன் பெயரைச் சொல்லி அழுதிருக்கிறாள். எனக்குக் கோபம் வந்தது, சிரிப்பு வந்தது, அதற்கு மேல் வெட்கம் வந்தது. சீட்டுப் போட்ட அன்று காலையில் மேல்தட்டை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருந்தால் முத்து இல்லை என்பது எனக்கே தெரிந்திருக்கும்.

இரண்டு பேரையும் ஆபீசுக்குக் கூட்டிவந்தேன். மேடம் என்னை மட்டும் உள்ளே வரச் சொன்னார்.

"டோக்கன் போட்டது யாரு, பாஸ்கரன்?"

"நான்தான் மேடம்."

"ஆளப் பாத்தீங்களா?"

"இல்ல மேடம்."

பென்சிலைக் கீழே வைத்தார். "ரெண்டு பதில் எழுதலாம். எங்க பட்டியல்ல செபஸ்தியான்னு யாரும் இல்லன்னு எழுதலாம். அது காகிதத்துல சரி. ஒங்களுக்கும் ஒண்ணும் ஆவாது. இல்ல, நான் ஆளப் பாக்காம கையெழுத்துப் போட்டேன், ஆள் மாறிப் போயிருக்கான், அவன் நம்ம ஆளுன்னு எழுதலாம். எது எழுதப் போறீங்க?"

பொய் சொல்ல மாட்டேன், அரை நிமிஷம் யோசித்தேன். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம் அது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே வளர்மதி கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டு எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டாவது எழுதறேன் மேடம்" என்றேன். "எழுதுங்க. அடித்தல் திருத்தல் இல்லாம" என்றார். அவ்வளவுதான், பாராட்டு ஒன்றும் கிடையாது.

எழுதி முடித்து நீட்டியதும் ஆரம்பித்தார். "அவன் நம்ம ஆளுன்னு எழுதியிருக்கீங்க. எதுல இருக்கு?"

ரேஷன் கார்டில்? இல்லை. வளர்மதியும் செபஸ்தியும் காதலித்துக் கட்டிக்கொண்டவர்கள். இவள் குப்பத்துப் பெண், அவன் கடலூரில் கோயில் மாதா தெருவில் வளர்ந்த கிறிஸ்தவப் பையன், டீசல் மெக்கானிக். இரண்டு வீட்டிலும் சேர்க்கவில்லை, எந்த ரேஷன் கார்டிலும் பெயர் ஏறவில்லை. சுனாமிக்குப் பிறகுதான் சண்டை தீர்ந்து குடும்பம் ஒன்றானது. ஆனால் வாக்காளர் அட்டை, லைசன்ஸ் எல்லாம் அதே சுனாமியில் போய்விட்டது. பங்குச் சாமியாரிடம் ஓடினோம். நல்ல மனுஷர், ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்துப் பத்து நிமிஷத்தில் சான்று எழுதிக் கொடுத்தார். மேடம் அதைப் படித்துவிட்டு, "பேரு இருக்கு. ஆனா அங்க உக்காந்திருக்கிறவன்தான் இவன்னு எதுல இருக்கு? மூஞ்சி வேணும்" என்றார். மணி பன்னிரண்டரை.

அப்போதுதான் வளர்மதி மெதுவாக, "ரிஜிஸ்டர் ஆபீஸ்ல போட்டோ ஒட்டுனாங்க மேடம். கைநாட்டும் வச்சோம்" என்றாள்.

"எந்த ரிஜிஸ்டர் ஆபீஸ்?"

"சிதம்பரம். இங்க பண்ணா ஊட்டுக்குத் தெரிஞ்சிடும்னு அங்க ஓடிப்போய்ப் பண்ணோம்."

நான் துள்ளிக் குதித்துவிட்டேன்! மேடம் ஏற்கெனவே கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். ஜீப்பில் நான், மேடம், வளர்மதி. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று டிரைவர் விரட்டினார். வெள்ளாற்றுப் பாலம் தாண்டியதுமே வண்டி நின்றுவிட்டது. மறுநாள் ஆருத்ரா தேர்! சிதம்பரமே ஜனம். பஸ் பஸ்ஸாக வந்து இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். மறுநாள் உள்ளூர் விடுமுறை வேறு. "எறங்குங்க" என்றார் மேடம். நான் மூச்சு வாங்க ஓட, அவர் புடவைக் கொசுவத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். கடலைக்கூடச் சரியாகப் பார்க்காத மனுஷி, கூட்டத்தில் அப்படி நீந்துகிறார்!

பதிவு அலுவலகத்தில் ஒரே ஒரு எழுத்தர் பீரோவைப் பூட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு, "நாளைக்குத் தேரும்மா. மனு எழுதிப் போட்டுட்டுப் போங்க, ஒரு வாரத்துல நகல் வரும்" என்றார்.

மேடம் பெஞ்சில் உட்கார்ந்தார். அதே தாழ்ந்த குரல். "ஒரு வாரம்னு எதுல இருக்கு?"

எழுத்தர் முழித்தார். அந்தக் கேள்வியை வாங்கிக்கொண்டு வேறொருவர் முழிப்பதைப் பார்க்க எனக்கு எவ்வளவு ஆனந்தம் தெரியுமா! ஆனால் அவரும் கெட்டவர் இல்லை. வளர்மதி, "ஒரு உசுரு சார்" என்றதும் சாவியை மறுபடி எடுத்தார். நான்கு பேரும் தரையில் உட்கார்ந்து பதிவேடுகளைப் புரட்டினோம். தும்மித் தும்மி மூக்கு சிவந்துவிட்டது. மூன்றேகால் மணிக்கு வளர்மதிதான், "இதோ! இதோ!" என்று கத்தினாள். பெரிய மீசையோடு செபஸ்தி, பக்கத்தில் பூ வைத்த வளர்மதி. கீழே இரண்டு பேர் கையெழுத்தும் இடது கட்டைவிரல் ரேகையும் பளிச்சென்று இருந்தன. மேடம் பென்சிலைக்கூட எடுக்கவில்லை. "இதுல இருக்கு" என்றார்.

சான்றிட்ட நகல் வாங்கி, பக்கத்துக் கடையிலிருந்து கலெக்டர் ஆபீசுக்கு ஃபேக்ஸ் அடித்தோம். உடனே போன்: "சார், ரெண்டு கறுப்புக் கட்டம்தான் வந்திருக்கு. மூக்கே தெரியல." ஐயோ! ஸ்கேன் எடுத்து ஈமெயிலில்தான் அனுப்ப வேண்டும். கீழ வீதியில் ஒரு பிரவுசிங் சென்டர் கண்டுபிடித்தோம். அரசாங்கக் காகிதத்தைத் தனியார் கடையிலிருந்து அனுப்பலாமா என்று நான் இழுத்தேன். "கூடாதுன்னு எதுல இருக்கு?" என்றார் மேடம். ஸ்கேன் ஆனது, மெயிலில் ஏற்றினோம், அந்தக் கோடு நத்தை மாதிரி நகர்கிறது. ஐந்தரை மணிக்குக் கரெண்ட் போய்விட்டது! கடைக்காரர் கத்தினார்: "மத்த மிஷின் எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க, யூபிஎஸ் அஞ்சு நிமிஷம்தான் தாங்கும்!" கடையில் இருந்தவர்கள் எல்லாரும் தங்கள் வேலையை விட்டுவிட்டு எங்கள் திரையைச் சுற்றி நின்றுகொண்டார்கள். விஷயம் என்னவென்று அதற்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டிருந்தது. கோடு ஓடி முடிந்து 'அனுப்பப்பட்டது' என்று வந்தது பாருங்கள், முன்பின் தெரியாதவர்கள் கைதட்டினார்கள். நான் அழுதேவிட்டேன். மேடம் போனில், "மூக்கு தெரியுதா?" என்று மட்டும் கேட்டார். தெரிகிறது என்றார்கள்.

மூவரும் ஒரு ஹோட்டலில் இட்லியும் கொத்சும் சாப்பிட்டோம். காலையிலிருந்து யாருமே தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

அங்கே செபஸ்தியின் கட்டைவிரலை எடுத்து ஒப்பிட்டார்கள். அதற்குள் பேச்சு, விடுமுறை, மறுபடி பேச்சு. பத்தொன்பது நாள் ஆனது. அதற்குள் எனக்கு 17-பி மெமோ வந்துவிட்டது, கடமை தவறியதற்கு விளக்கம் கேட்கும் குற்றச்சாட்டு மெமோ. அடியில் கஸ்தூரி மேடத்தின் கையெழுத்து. கொடுத்த தண்டனையை வாங்கிக்கொண்டேன், மேல்முறையீடு செய்யவில்லை. அவர் மேல் எனக்குத் துளிக் கோபம் இல்லை, இன்றும் பொங்கலுக்குப் போன் செய்வேன். அன்று முதல் ஓய்வு பெறும் வரை மேல்தட்டில் ஏறி முகம் பார்க்காமல் ஒரு சீட்டு நான் போடவில்லை. "சார் ரொம்ப மோசம்" என்று படகுக்காரர்கள் திட்டினார்கள். நன்றாகத் திட்டட்டும்!

செபஸ்தி வேறு ஊர் மீனவர்கள் சிலரோடு சேர்த்து அனுப்பப்பட்டான். எங்கள் துறைமுகத்தில் காலை பதினொரு மணிக்கு வந்து இறங்கினார்கள். கயிறு கட்டி ஊர் ஜனத்தை அந்தப் பக்கம் நிறுத்தியிருந்தார்கள். முறைப்படி பெயர் வாசித்து ஆளை ஒப்படைக்க வேண்டும், அந்த வேலையை மேடம் என்னிடம்தான் கொடுத்தார். எனக்கு ஒரே குஷி. மாப்பிள்ளை அழைப்புக்கு நிற்கிறவன் மாதிரி சட்டை இஸ்திரி போட்டு வந்திருந்தேன். ஒவ்வொரு பெயராக வாசித்தேன். "இருக்கேன் சார்", "இருக்கேன் சார்" என்று சொல்லிச் சொல்லிக் கயிற்றைத் தாண்டி ஓடினார்கள்.

"செபஸ்தியான்!" என்றேன்.

நகராமல் கடைசியாக ஒருவன் நின்றான். மீசை எடுக்கப்பட்டிருந்தது, ஆளும் பாதியாகியிருந்தான். ஆனால் அதே முகம், பதிவேட்டில் பார்த்த முகம். "செபஸ்தி, ஒன்னைத்தான்யா" என்றேன். அவன் என்னைப் பார்த்தான், என் கையில் இருந்த பட்டியலைப் பார்த்தான், கையைக் கட்டிக்கொண்டான்.

"எந்தப் பேரச் சொன்னா உடுவீங்க சார்?"

முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது. ஒரு மாதத்துக்கு மேலாக ஒவ்வொரு நாளும் யாராவது ஒரு பட்டியலோடு வந்து அவன் பெயரைக் கேட்டிருக்கிறார்கள். முத்து என்றாலும் விடவில்லை, செபஸ்தி என்றாலும் விடவில்லை. நானும் பட்டியலோடு வந்து நிற்கிற இன்னொரு ஆள், அவ்வளவுதான்.

பட்டியலை மடித்துப் பையில் வைத்தேன். அவன் தோளைப் பிடித்தேன். "ஒரு பேரும் சொல்ல வேணாம்யா. அன்னிக்கு ஒன் மூஞ்சியப் பாக்காம எழுதினவன் நான்தான். என் தப்பு. இப்பப் பாத்துட்டேன். நீ போ" என்றேன்.

அப்போதும் அவன் நகரவில்லை, உத்தரவு இன்னும் வரவில்லை என்பது போல நின்றான். கயிற்றைத் தூக்கிக்கொண்டு வளர்மதிதான் உள்ளே வந்தாள். "யோவ், வாய்யா ஊட்டுக்கு" என்றாள். அவன் அவள் குரலுக்குத் திரும்பினான்.